மாப்பிள்ளைக் கல் எந்தப் பக்கம் சாய்கிறது

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலாம் வருடப் பிள்ளைகளை ஹுன்னஸ்கிரியப் பக்கம் பாறை பார்க்க அழைத்துப் போகிறீர்களாம். செய்முறை வகுப்பு டெமோவாகச் சேர்ந்து வரவுப் பதிவில் கையெழுத்துப் போடக்கூட இன்னும் பழகாத உங்களை நம்பி ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறார்கள். பயப்படாதீர்கள், எங்களையும் அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள். ஓய்வு பெற்ற மனிதன் வீட்டில் சும்மாதானே இருக்கிறார், புதியவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரட்டுமே என்று துறையில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் நாலு இல்லை. ஒன்றுதான் இருக்கிறது, அதையும் கதையாகத்தான் சொல்லத் தெரியும்.

சாய்வுமானியை, நீங்கள் கிளைனோ என்று சொல்வதை, எப்படிப் பிடிப்பது, பாறையின் எந்த முகத்தில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள். என் செய்முறை வகுப்பு அதோடு முடிந்தது. நான் சொல்ல வருவது வேறு. மழை வருகிறது, பஸ்காரர் அவசரப்படுகிறார், பசி வயிற்றைக் கிள்ளுகிறது, வகுப்பு முழுவதும் ஒரு பதிலைச் சொல்கிறது, ஒரே ஒரு பிள்ளை மட்டும் வேறொன்றைச் சொல்கிறது. அந்த இடத்தில் என்ன செய்வீர்கள்?

நான் ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பிள்ளை. புவிச்சரிதவியல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் மாமா, "மலையில கல்லு பொறுக்கச் சொன்னா ஓடி ஒளிவ. இப்ப அதையே படிச்சுட்டுப் பொறுக்கப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆயுள் முழுக்கப் பொறுக்கினேன். ஒரு நாளும் சலிக்கவில்லை. இளம் பிள்ளைகளோடு பாட்டுப் பாடிக்கொண்டு மலையேறுவதையே தொழிலாக வைத்துக்கொள்ள எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

இனி மாப்பிள்ளைக் கல்லுக்கு வருகிறேன்.

ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி, பாதை தேயிலைக்குள் வளைந்து ஏறுகிற இடத்தில் ஒரு கல் இருக்கிறது. இடுப்புயரம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் ஓடும், ஊடே சிவப்புக் கார்னெட் மணிகள் பதிந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் அந்த மணிகள் மினுங்குவதைப் பார்த்தால் பாறைப் பாடத்தை வெறுக்கிறவனுக்கும் ஒரு நிமிடம் ஆசை வரும். எங்கள் துறையில் ஒவ்வொரு வருடமும் படித்த பிள்ளைகள் அந்தக் கல்லை நடுவில் வைத்து, சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாப் படத்திலும் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அதற்கு மாப்பிள்ளைக் கல் என்று பெயர் வந்தது. சுற்றி நிற்பவர்கள் மாறுவார்கள், மாப்பிள்ளை மாறுவதில்லை.

இரண்டாம் வருட முடிவில் நடக்கும் வெளிக்களப் பரீட்சையின் கடைசி நிலையமும் அதுதான். கல்லில் ஓடும் பட்டைகள் எந்தத் திசைக்கு, எத்தனை பாகை சாய்ந்திருக்கின்றன என்று அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. பதில், மேற்கே முப்பத்தெட்டு. இந்தப் பதில் எனக்குத் தெரியும், எனக்கு முன் இருந்தவர்களுக்குத் தெரியும், பரீட்சை எழுத வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், குப்பி. நீங்களும் குப்பியில் வளர்ந்தவர்கள்தானே. பரீட்சை நெருங்கினால் மூத்த மாணவர்கள் இளையவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். விரிவுரையாளர் ஒரு தவணை முழுக்கக் குழப்பியதைக் குப்பியில் ஒரு மாலைக்குள் தெளிவாக்கிவிடுவார்கள். என் பாடத்தையும் அப்படி எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் குப்பியில் பாடத்தோடு பதிலும் கைமாறும். "கடைசி நிலையம் மாப்பிள்ளைக் கல். மேற்கே முப்பத்தெட்டு. கண்ணை மூடிக்கொண்டு எழுது" என்பது எங்கள் துறையின் பரம்பரைச் சொத்தாகவே ஆகிவிட்டது.

நான் சொல்லப்போகும் வருடத்துப் பிள்ளைகளில் பருத்தித்துறையிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். பெயரைச் சொன்னால் நீங்கள் முந்திக்கொண்டு சிரிப்பீர்கள், அதனால் இப்போதைக்குப் பருத்தித்துறைப் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். கல்லுப் படிக்கக் கண்டிக்குப் போகப் போகிறேன் என்றதற்கு அவளுடைய அம்மா, "இஞ்ச கிணறு வெட்டினாலே கல்லுத்தானே வருது, அதுக்கேன் அவ்வளவு தூரம் போறாய்?" என்று கேட்டாராம். அவள் அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் கதை அது. அவளுடைய ஊரில் சுண்ணக்கல் பாய் விரித்தது போல மட்டமாகக் கிடக்கும். சாய்ந்த பாறையை அவள் முதன்முதலாகக் கண்டது எங்களோடு வந்த பிறகுதான். அந்த ஆச்சரியம் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. மற்றப் பிள்ளைகள் அளந்துவிட்டு நிழலுக்கு ஓடுவார்கள், அவள் ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுற்றி வருவாள்.

அவளுக்குப் புவிச்சரிதவியலில் சிறப்புப் பட்டம் செய்ய வேண்டும் என்று ஆசை. அதற்கு வெளிக்களப் பரீட்சையில் தேற வேண்டும். வரைபடத் தாளில் அவள் கொஞ்சம் சறுக்கியிருந்தாள். கடைசி நிலையத்துப் புள்ளியும் போனால் ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பரீட்சையன்று காலை பஸ் திகனவைத் தாண்டும்போதே பைலாப் பாட்டுத் தொடங்கிவிட்டது. வெளிக்களப் பரீட்சைக்குப் போகிற பஸ்ஸா, கல்யாணத்துக்குப் போகிற பஸ்ஸா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். சாரதி நிஸாம் நானா எங்கள் துறைக்கு வழக்கமாக வருபவர். ஹோர்ன் அடித்தே பாட்டுக்குத் தாளம் போட்டார். என்னோடு பரீட்சகராக வந்தவர் எங்கள் துறைத் தலைவி. எல்லோரும் மெடம் என்று சொல்வோம். கண்டிச் சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர், ஆனால் கண்ணில் எப்போதும் ஒரு குறும்பு இருக்கும். எங்கள் பேச்சு பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் ஓடும், இங்கே தமிழில் எழுதுகிறேன். மூன்றாவது ஆள் பிரதீபன், உங்களைப் போல அப்போது டெமோ. எங்கள் ஹேவாஹெட்டப் பக்கத்துப் பையன்தான். முந்தின வருடம் வரை குப்பி நடத்துவதில் பெயர் போனவன்.

மாலையில் கடைசி நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். வளைவில் பாதை அகலிப்பு வேலை நடந்துகொண்டிருந்ததால் பஸ்ஸைக் கீழேயே, தேத்தண்ணிக் கடையடியில், நிறுத்த வேண்டியதாயிற்று. பிரதீபன் பிள்ளைகளை மேலே கூட்டிப் போனான். நானும் மெடமும் கடையில் ஆளுக்கொரு கதிரையைப் பிடித்துக்கொண்டோம். பிள்ளைகள் அளந்து, விடைத்தாளில் எழுதி, இறங்கி வந்து தர வேண்டும். நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே திருத்துவோம். என்ன திருத்தம்? மேற்கே முப்பத்தெட்டு, சரி. மேற்கே முப்பத்தெட்டு, சரி. ஒரு குறும்புக்காரன் முப்பத்தொன்பது என்று எழுதியிருந்தான், பார்த்து எழுதவில்லை என்று நாங்கள் நம்புவதற்காக.

எல்லோரும் வந்துவிட்டார்கள், பருத்தித்துறைப் பிள்ளையைத் தவிர. மூடுபனி தேயிலைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. நிஸாம் நானா கடை வாசலில் வந்து நின்றார்.

"சேர், எனத்த இன்னும்? மழ வாரதுக்கு முந்தி எறங்கோணும். இந்தப் பாதைல பனியோட மழயும் சேந்தா எனக்கு ஒண்ணும் வெளங்காது."

"ஒரு பிள்ளைதான் நானா, வந்துடும்."

வந்தாள். முழங்கால் இரண்டிலும் சேறு, தலைமுடியில் பன்னம் இலை. விடைத்தாளைத் தந்துவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போனாள். நான் பிரித்துப் பார்த்தேன். வடகிழக்கே இருபது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: இந்தக் கல் இந்த இடத்துக் கல் இல்லை.

மெடம் வாங்கிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "திசையும் பிழை, பாகையும் பிழை. போதாததற்கு எங்கள் மாப்பிள்ளையையே ஊரை விட்டுத் தள்ளிவைத்துவிட்டாள்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கை பூச்சியம் போட்டுவிட்டது. நல்ல பிள்ளை. பாறையை அவளைப் போல யாரும் அப்படி ஆசையோடு பார்த்து நான் கண்டதில்லை.

பிரதீபன் என் காதோரம் குனிந்தான். "சேர், பாவம் சேர் அந்தப் புள்ள. அளந்த முறைக்குன்னு எதாச்சும் புள்ளி போட்டு விட்ருவோமே. யாரு கேக்கப் போறா?"

உங்களில் இரக்கமுள்ளவர்களுக்கு இந்த யோசனைதான் முதலில் வரும். எனக்கும் வந்தது. சட்டம் பேசுகிறவர்களுக்குப் பூச்சியம்தான் சரியென்று தோன்றும். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் பாருங்கள், எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட அந்த வருடம் அந்தக் கல்லை அளக்கவில்லை. இரக்கப்பட்டவனும் அளக்கவில்லை, பூச்சியம் போட்டவரும் அளக்கவில்லை. நான் அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"என்னம்மா இது? குப்பிக்குப் போகலையா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், ஒரு பரீட்சகர் கேட்கக்கூடாத கேள்வி அது என்று உறைத்தது. மெடம் மேலே பார்த்துக்கொண்டார்.

"போனனான் சேர்."

"அப்ப மாப்பிள்ளைக் கல்லுக்கு என்ன பதில்னு தெரியும்?"

"ஓம் சேர். மேற்கே முப்பத்தெட்டு. அதை எழுதினால் பாஸ் எண்டு தெரியும். நான் அளக்க வேற வந்தது. என்ரை கிளைனோ பழுதாக்கும் எண்டு நினைச்சு இன்னொருத்தியின்ரையை வாங்கி அளந்தனான். அதுவும் அதைத்தான் காட்டினது. பிறகு நான் என்ன சேர் செய்யிறது? கல்லு ஒண்டு சொல்லேக்கை நான் இன்னொண்டு எழுதேலாதுதானே."

பதில் கையில் இருந்தது. எழுதியிருந்தால் அவள் ஆசைப்பட்ட பட்டம் கிடைத்திருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதை விட்டுவிட்டுச் சேற்றில் முழங்காலிட்டுத் தான் கண்டதை எழுதியிருக்கிறாள்.

நான் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டேன். "மெடம், மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்."

"இந்தப் பனியிலா? வகுப்பு முழுவதும் ஒன்றைச் சொல்கிறது, இவள் ஒருத்தி வேறு சொல்கிறாள். இதில் பார்க்க என்ன இருக்கிறது?"

"வகுப்பு சொன்னது எங்களுக்கு முன்பே தெரியும் மெடம். இவள் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியாது. அதைத்தான் பார்க்க வேண்டும்."

மெடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மீதித் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குடையையும் விடைத்தாள் கட்டையும் எடுத்தார். அந்த மனுஷியை நான் மதிப்பது அதனால்தான். நிஸாம் நானா தலையில் கை வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், கல்லுக்கு நோட்டம் பாக்கப் போறாங்க" என்றார். நாங்கள் ஏறத் தொடங்கியதும் பஸ்ஸிலிருந்த பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறங்கிப் பின்னால் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பரீட்சகர்கள் குடை பிடித்துக்கொண்டு கல்லுக்கு மேன்முறையீடு கேட்கப் போகிற காட்சியைத் தவறவிட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். தூறல் விழ ஆரம்பித்தது. யாரோ மெல்லப் பாடவும் தொடங்கினார்கள்.

மாப்பிள்ளைக் கல் பனிக்குள் வழக்கம் போல உட்கார்ந்திருந்தது. நான் குந்தி, ஈரத்தைத் துடைத்துவிட்டுச் சாய்வுமானியை வைத்தேன். பார்த்தேன். எடுத்துவிட்டு இன்னோர் இடத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு அதை மெடத்திடம் நீட்டினேன். அவரும் முழங்காலிட்டார். பின்னால் பாட்டு நின்றுவிட்டது.

"வடகிழக்கு" என்றார் மெடம். "இருபது."

மெடம் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இந்த இடத்துக் கல் இல்லையென்று எதை வைத்துச் சொன்னாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் பாதையின் மறுபக்கத்தைக் காட்டினாள். அகலிப்பு வேலைக்காக அங்கே மண்ணையும் பன்னத்தையும் வழித்து எடுத்திருந்தார்கள். நாங்கள் ஒருநாளும் கண்டிராத தாய்ப்பாறை, மலையோடு ஒட்டிய பாறை, புதிதாக வெட்டுப்பட்டு நின்றது. அதிலும் அதே பட்டைகள், அதே கார்னெட். ஆனால் அவை மேற்குப் பக்கம் வெகு சரிவாகப் பாய்ந்தன. பத்தடி தள்ளி இருக்கிற கல் மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் படுத்திருக்க வேண்டும்? பிறகு அவள் கல்லின் அடியைக் காட்டினாள். பச்சைப் பாசி மண்ணுக்குள் அமுங்கிப் போயிருந்தது. வெளிச்சமே படாத இடத்தில் பாசி எப்படி வளரும்? கல்லின் பின்புறத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள், மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தின் பல்லுப் பட்ட இடங்கள். அதற்குப் பின்னால் இழுபட்ட மண்.

எங்கள் மாப்பிள்ளையை யாரோ தள்ளித் திருப்பி வைத்திருந்தார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பெக்கோ வைத்தால் மாப்பிள்ளையும் நகர்வார்.

பிரதீபனின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். அன்று மாலை முழுக்க அவன் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துதான் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "சேர்," என்று மெதுவாக இழுத்தான், "தள்ளினா போற கல்லுன்னா, அது முன்னாடியும் தாய்ப்பாறையா இருந்திருக்காதே?"

அவன் அதைச் சொன்னதும் எனக்கும் மெடத்துக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மலையோடு ஒட்டிய பாறையைப் பெக்கோ தள்ளிவிட முடியாது. மாப்பிள்ளைக் கல் எப்போதோ மேலேயிருந்து உருண்டு வந்து, மண்ணில் புதைந்து, தாய்ப்பாறை போலப் பாசாங்கு செய்துகொண்டிருந்த வெறும் உருட்டுக்கல். எத்தனை வருடத்துப் பிள்ளைகள், எத்தனை விடைத்தாள்கள்! எல்லோரும் உருண்டு வந்த ஒரு கல்லைப் பார்த்து மலையின் சாய்வைச் சொல்லியிருக்கிறோம்.

மெடம் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நானும் இதே கல்லில்தான் பாஸ் பண்ணினேன்!" என்றார். "நானும் மேற்கே முப்பத்தெட்டு என்றுதான் எழுதினேன்!" துறைத் தலைவி அப்படிச் சிரித்தால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மலை முழுக்க எதிரொலித்தது. நானும் சிரித்தேன், என் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை. பருத்தித்துறைப் பிள்ளை மட்டும் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

சிரிப்பு அடங்கியபோது ஒரு பையன் கையை உயர்த்தினான். "சேர், எனக்கும் வேறதான் காட்டிச்சு. கிளைனோ பிழைன்னு நெனச்சுக் குப்பியில சொன்னத எழுதிட்டேன்." "எனக்கும்தான்" என்றாள் இன்னொருத்தி. அப்புறம் கை கையாக உயர்ந்தது. நல்ல வேடிக்கை. பாதி வகுப்பு சரியாக அளந்திருக்கிறது, ஆனால் அளந்ததை நம்பவில்லை. மீதிப் பாதி அளக்கவே இல்லை, சுத்தமான ஈயடிச்சான் கொப்பி.

"அப்ப முழு வகுப்பும் பெயிலா சேர்?" என்று பிரதீபன் கேட்டான். அவனுக்குத்தான் அதிகம் பயம், குப்பி நடத்தியவன் ஆயிற்றே.

நானும் மெடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோருக்கும் பூச்சியம் போட்டால் அது நியாயம்தான். ஆனால் அந்தப் பதிலைப் பரம்பரை பரம்பரையாகக் காவி வந்தவர்களில் நாங்களும் இருக்கிறோமே, பிள்ளைகளை மட்டும் எப்படித் தண்டிப்பது? மெடம் கையிலிருந்த விடைத்தாள்களில் ஒன்றைத் தனியே எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரண்டாகக் கிழித்தார். புதிதாக வெட்டுப்பட்ட தாய்ப்பாறையைக் காட்டி, "எல்லோரும் அங்கே போங்கள். இதற்குக் குப்பி இல்லை, எனக்கும் பதில் தெரியாது. அளந்து கொண்டுவாருங்கள்" என்றார். தனியே எடுத்த தாளில் பூச்சியத்தை வெட்டி, முழுப் புள்ளியும் போட்டு, கையொப்பமிட்டு அந்தப் பிள்ளையிடம் காட்டினார்.

"நீ பஸ்ஸுக்குப் போய் உட்காரலாம்."

"வேண்டாம் மெடம். நானும் அளக்கிறன்." அவளுக்கு இன்னும் அழுகை முழுசாக நிற்கவில்லை. "புதுப் பாறைதானே."

தூறலில் நனைந்துகொண்டு, அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு வகுப்பு முழுவதும் ஒரு பாறையை உண்மையாகவே அளந்ததை அன்றுதான் கண்டேன். ஒருவர் தாளை இன்னொருவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துப் பயனில்லை, யாருக்கும் பதில் தெரியாதே. அவள் தன் வேலையை முடித்துவிட்டு மற்றவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மெடத்தோடு போட்டி போட்டு அளந்தேன். ஒரு பாகை வித்தியாசம் வந்தது. யாருடையது சரியென்று இன்றைக்கும் எங்களுக்குள் வழக்கு ஓடுகிறது.

கீழே வந்தபோது நிஸாம் நானா பனி விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். தேத்தண்ணிக் கடை அக்கா எங்கள் கோலத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னோம்.

"அந்தக் கல்லா? ரோட்டு வேலைக்காரங்க லொறி திருப்ப எடம் வேணும்னு ஒடைச்சுப் போடப் போனாங்க. கெம்பஸ் புள்ளைங்க வருசா வருசம் வந்து படம் புடிக்கிற கல்லு, ஒடைக்காதீங்க, ஓரமா வைங்கன்னு நாந்தான் சண்ட புடிச்சேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சரியாத்தானே வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"ரொம்பச் சரியா வச்சிருக்காங்க அக்கா" என்றார் மெடம், தமிழிலேயே. அன்று அந்தக் கடையில் இருந்த வடை முழுவதும் தீர்ந்துவிட்டது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தோமே, அதை ஒரு தரம் செய்துபார்க்க எனக்கு அந்த மாலை வாய்த்தது. எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது ஒருவர் வேறு சொன்னால், அவர் சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து அதைத் தீர்க்க முடியாது, இரக்கத்தால் தீர்க்கவும் முடியாது. கல் மேலே இருக்கிறது. ஏறிப் போய்ப் பாருங்கள். பஸ் காத்திருக்கும். நிஸாம் நானா மாதிரி ஆட்கள் ஏசுவார்கள், ஆனால் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

அந்தப் பிள்ளை சிறப்புப் பட்டம் முடித்தாள். வெளிநாடு போய் மேலே படித்தாள், திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பஸ்ஸின் முன் கதிரையில் உட்கார்ந்து, "அளந்தனீங்களோ?" என்று உங்களைக் குடையப்போகிற தர்சிகா மெடம்தான் அவள். இனி நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

மாப்பிள்ளைக் கல்லை நாங்கள் கைவிடவில்லை. அதன் மேலிருந்த பட்டத்தை மட்டும் பறித்துவிட்டோம். இப்போது அந்த நிலையத்தில் முதல் கேள்வி, இது மலையோடு ஒட்டிய பாறையா, உருண்டு வந்த கல்லா என்பது. குப்பியிலும் அதற்குப் பதில் ஏறிவிட்டது என்று கேள்விப்படுகிறேன். ஏறட்டும். கல்லும் சும்மா இருப்பதில்லை. மழைக்கு ஒருமுறை மண் இளகும், லொறிக்காரர்கள் சக்கரத்தை அதில் அணைத்து நிறுத்துவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், தர்சிகா என்னையும் அந்தப் பயணத்துக்கு விருந்தாளியாகக் கூட்டிப் போனாள். பிள்ளைகள் கல்லைச் சூழ்ந்து நின்றார்கள். எனக்கு மனம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு பிள்ளை, "சேர், இந்தக் கல்லு எந்தப் பக்கம் சாயுது?" என்று கேட்டாள்.

"மேற்கே முப்பத்தெட்டு" என்றேன்.

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. பழக்கதோஷம். அந்த வளைவே அதிர்ந்தது. தர்சிகா சிரித்துக்கொண்டே தன் சாய்வுமானியை என்னிடம் நீட்டினாள்.

"அளந்து சொல்லுங்கோ சேர்."

முழங்கால் நறநறக்கக் குந்தி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, அளந்தேன். என்ன வந்தது என்று உங்களுக்கு எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள்தானே?